நொச்சி சூடிய வனமகன்

புறத்திணைகளைக் கற்பிக்கும்போது, வெட்சிக்கும் வஞ்சிக்கும் மாணாக்கர் காட்டும் ஆர்வத்தை நொச்சிக்குக் காட்டுவதில்லை. நிரை கவர்தலும் மண் கவரப் படையெடுத்தலும் ஓட்டமும் ஆரவாரமும் உடையன. மதில் காத்தலோ நின்ற இடத்தில் நின்று பொறுத்திருக்கும் தொழில். தொல்காப்பியர் அதனை உழிஞையுள் அடக்கிச் சொன்னார். புறப்பொருள் வெண்பாமாலை செய்த ஐயனாரிதனாரோ நொச்சியைத் தனித் திணையாகவே வகுத்துப் பெருமை செய்தார். எங்கள் வன்னியில் நொச்சி காணாத மாணாக்கர் இலர். வேலியோரத்தில் நிற்பது, தடிமன் கண்டால் தாய்மார் இலை பறித்து அவித்து ஆவி பிடிக்கச் செய்வது. அந்தச் செடியின் பூவைச் சூடி ஒரு வீரன் மதிலில் நின்றான் என்றால் அவர்களுக்குச் சிரிப்பு வருகிறது.

சென்ற ஆண்டு ஒரு நாள் நான் இத்திணையை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் எங்கள் உதைபந்தாட்ட அணியிற் பின்காவலன். முதல் நாள் வேறு மாவட்டத்திற் போட்டி. ஒரு கோலால் தோற்று வந்திருந்தார்கள். தோல்வியைக் காட்டிலும் இரண்டு சொற்கள் அவனை வருத்தின. முன்னே நின்று ஆடியவர்கள் பந்தை நழுவவிட்டபோது வாய் திறவாத நம்மவர், ஒருமுறை பந்து தன்னைக் கடந்ததும் தன்னையே பழித்தார்கள் என்பது ஒன்று. மைதானத்து ஓரத்தில் நின்ற பிற ஊர்ப் பிள்ளைகள் தங்களைக் காட்டார் என்று கூவி நகையாடினார்கள் என்பது மற்றொன்று. இரண்டாவதைச் சொல்லும்போது அவன் தலை நிமிரவில்லை.

பாடத்தை நிறுத்திவிட்டு, அன்று நான் அவர்களுக்கு ஜெய்பால் சிங்கின் வரலாற்றைச் சொன்னேன். காவல் செய்தவனுக்குப் புகழ் இல்லை என்பதற்கும், காட்டிற் பிறந்தவனுக்குப் பெருமை இல்லை என்பதற்கும் அவர் வாழ்க்கையிலே விடை உண்டு என்று எண்ணினேன். அன்று சொன்னதையும், சொல்லி முடித்தபின் அந்த மாணவன் கேட்ட கேள்வியையும் இங்கே எழுதுகிறேன்.

வடஇந்தியாவிலே சோட்டா நாகபுரி என்றொரு மேட்டுநிலம் உண்டு. இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தின் பெரும்பகுதி அது. சால மரம் அடர்ந்த நாடு. இராமபிரான் ஓரம்பினால் துளைத்த ஏழு மரங்களை வான்மீகி சாலம் என்றார். கம்பர் மராமரம் என்றார். அம்மரக் காடுகளிடையே முண்டர், ஒராவோன், சந்தால் முதலிய பழங்குடிகள் நெடுங்காலமாக வாழ்கின்றனர். ஒராவோன் மக்கள் பேசும் குருக் மொழி நம் தமிழோடு ஒரே திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. முண்டாரி வேறு குடும்பத்து மொழி. முண்டர் தம் முன்னோருக்குக் கல் நாட்டுவர். அக்கல்லே தம் நிலவுரிமைக்குச் சாட்சி எனக் கொள்வர். நடுகல் அறிந்த நமக்கு அவர்கள் அயலார் அல்லர்.

நிலத்தை வெளியார் கவர்வதையும் ஆங்கில ஆட்சி அதற்குத் துணை நிற்பதையும் எதிர்த்து, பிர்சா முண்டா என்ற இளைஞர் 1899ஆம் ஆண்டின் முடிவிலே அந்நாட்டில் கிளர்ச்சி எழுப்பினார். பிடிபட்டு, 1900ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் ராஞ்சிச் சிறையில் உயிர் நீத்தார். அவர் மறைந்து மூன்றாண்டு நிறையுமுன், 1903ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள், ராஞ்சிக்குத் தெற்கே குந்திப் பகுதியிலுள்ள தக்ரா என்னும் சிற்றூரில் ஒரு முண்டர் குடும்பத்திலே ஜெய்பால் பிறந்தார். மாடு மேய்க்கும் பிள்ளைகளோடு வளர்ந்தவர், ராஞ்சியில் கிறித்தவ சபையார் நடத்திய தூய பவுல் பாடசாலையிற் சேர்ந்தார். அதன் தலைவராயிருந்த கொஸ்கிரேவ் என்ற பாதிரியார் பையனின் அறிவையும் உடல் வலியையும் கண்டு, 1918ஆம் ஆண்டளவில் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார்.

கன்ரபரியிலும் பின்னர் ஒக்ஸ்போர்டிலே தூய யோவான் கல்லூரியிலும் அவர் பயின்றார். பொருளியலிற் சிறப்புப் பட்டம் பெற்றார். ஆயினும் ஒக்ஸ்போர்டு அவரை முதலில் அறிந்தது மைதானத்திலே. பல்கலைக்கழக ஹொக்கி அணியிற் பின்காவலராக ஆடி, ஆட்டத் திறத்துக்கு அப்பல்கலைக்கழகம் வழங்கும் நீலச் சிறப்பையும் பெற்றார்.

ஹொக்கி எங்கள் பக்கத்திற் பரவிய ஆட்டமன்று. என் மாணாக்கர் அறிந்ததெல்லாம், கனடாவிலுள்ள மாமன்மாரும் சித்தப்பன்மாரும் கைத்தொலைபேசியில் அனுப்பும் பனித்தள ஹொக்கிதான். கால்களிற் சறுக்குக் கத்தி பூட்டிப் பனிக்கட்டியின் மேல் ஆடுவது அது. அங்கே கோல் காப்பவனுக்கு முன்னே இரு காவலர் நிற்பர். ஜெய்பால் ஆடியது புல்தரை ஆட்டம். அக்காலத்தில் ஐவர் முன்னணியிலும் மூவர் இடையிலும் இருவர் பின்னேயும் நிற்க, கடைசியிற் கோல் காவலன் நிற்பான். பழைய போர்முறையிலே முன் செல்லும் படையைத் தார் என்றும் பின் நிற்கும் படையைக் கூழை என்றும் புறநானூற்று உரை சொல்லும். பின்னிருவரும் கூழைப் படையினர். பந்தைப் பறிப்பதோடு அவர்கள் பணி முடியாது. எதிரி எவ்வழி வருவான் என்று அவன் நினைக்குமுன் நினைக்க வேண்டும். பறித்த பந்தை யாரிடம் சேர்த்தால் தாக்குதல் தொடங்கும் என்று அறிய வேண்டும். கோல் எண்ணிக்கையில் அவர்கள் பெயர் வராது. எதிரணியின் கணக்கிலே சுழியம் நிற்குமாயின், அச்சுழியமே அவர்கள் எழுதிய எழுத்து.

இந்தியக் குடியியற் சேவையாகிய ஐ.சி.எஸ். தேர்விலும் ஜெய்பால் தேறினார். அந்நாளில் ஓர் இந்தியர் எட்டக்கூடிய மிக உயர்ந்த பதவிகளுள் ஒன்று அது. அதற்குரிய பயிற்சியில் இங்கிலாந்தில் இருந்தபோதுதான், 1928ஆம் ஆண்டு அம்ஸ்ரடாம் ஒலிம்பிக் விழாவுக்குச் செல்லும் இந்திய ஹொக்கி அணிக்குத் தலைமை தாங்குமாறு அழைப்பு வந்தது. இந்திய அணி ஒலிம்பிக்கிற்குச் செல்வது அதுவே முதன்முறை. அவர் விடுப்புக் கேட்டார், மறுக்கப்பட்டது. மறுப்பைப் பொருட்படுத்தாது ஆடச் சென்றார். திரும்பியபோது, பயிற்சியை இன்னும் ஓராண்டு நீட்டிக்க வேண்டும் என்று மேலிடம் விதித்தது. அதற்கு இணங்காமல் அப்பதவியையே துறந்தார். ஒரு விளையாட்டுக்காகக் கலெக்டர் பதவியை விட்டவர் என்று சொன்னபோது என் வகுப்பிலே வியப்பொலி எழுந்தது. விளையாட்டுக்காக மட்டும் அன்று, தன் நாட்டு அணிக்கு முன்னிற்கும் உரிமையை ஒரு விடுப்புத் தாளுக்கு அடகு வைக்க அவர் மனம் ஒப்பவில்லை என்று நான் விளக்கினேன்.

அவ்வணி பம்பாயிலிருந்து கப்பலேறியபோது துறைமுகத்தில் வழியனுப்ப நின்றவர் மூவரே. இங்கிலாந்தில் ஜெய்பால் அவர்களோடு சேர்ந்தார். அம்ஸ்ரடாமில் அவுஸ்திரியாவை 6 கோல்களாலும், பெல்ஜியத்தை 9 கோல்களாலும், டென்மார்க்கை 5 கோல்களாலும், சுவிற்சர்லாந்தை 6 கோல்களாலும் இந்தியா வென்றது. மே 26ஆம் நாள் இறுதிப் போட்டியில், ஒல்லாந்தை அதன் சொந்த மைதானத்திலேயே 3 கோல்களால் வென்று தங்கம் பெற்றது. ஐந்து ஆட்டங்களில் இந்தியா அடித்தவை 29 கோல்கள். அவற்றுள் 14 தியான் சந்த் என்னும் பெருவீரர் அடித்தவை. உலகம் அவர் பெயரைக் கொண்டாடியது, கொண்டாடத் தக்கதே. ஆனால் அந்த ஐந்து ஆட்டங்களில் இந்தியாவின் கோலுக்குள் ஒரு பந்தேனும் புகவில்லை. கோல் காவலர் ரிச்சர்ட் அலனும் அவர் முன் நின்ற பின்காவலரும் செய்த காரியம் அது. வரலாற்று நூல்கள் அதனை ஒரு வரியிற் சொல்லிப் போய்விடும்.

இங்கே ஒன்றை மறைக்கலாகாது. இறுதிப் போட்டியில் ஜெய்பால் ஆடவில்லை. அணியின் நிர்வாகத்தோடு ஏற்பட்ட முரண்பாட்டினால், அதற்கு முன்னரே அவர் அணியை விட்டு நீங்கினார். துணைத் தலைவரான பினிகர் இறுதியாட்டத்தை நடத்தினார். இவ்விடத்தில் அந்த மாணவன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை.

பிந்திய பத்தாண்டுகளை விரைந்து கூறலாம். பேர்மா ஷெல் எண்ணெய்க் குழுமத்தில் உயர் பதவி வகித்தார். காங்கிரசின் முதல் தலைவரான உமேஷ் சந்திர பானர்ஜியின் பேர்த்தி தாராவை மணந்தார். மேற்கு ஆபிரிக்காவிலே, இன்று கானா எனப்படும் நாட்டில், அச்சிமோட்டாக் கல்லூரியில் ஆசிரியராயிருந்தார். பின்னர் ராய்ப்பூரிலே அரச குமாரர் பயிலும் கல்லூரியிலும், அடுத்து பிகானேர் சமஸ்தானத்திலும் பணியாற்றினார். அரசர் அவைகளிற் பழகிய அம்மனிதர் மேலைநாட்டு உடையும் ஒக்ஸ்போர்டு ஆங்கிலமுமாகவே எஞ்சிய நாளையும் கழித்திருக்கலாம்.

1939ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் அவர் வாழ்வு திரும்பியது. ராஞ்சியில் கூடிய ஆதிவாசி மகாசபைக்கு அவர் தலைமை தாங்கினார். காட்டு வழிகளிலே நடந்து வந்த மக்கள், தம்முள் ஒருவன் கடல் கடந்து கற்று மீண்டு வந்திருப்பதைக் கண்டனர். அவர்கள் அவருக்கு இட்ட பெயர் மரங் கோம்கே. பெருந்தலைவர் என்பது பொருள். சோட்டா நாகபுரி மக்களுக்குத் தனி மாகாணம் வேண்டும் என்ற கோரிக்கையை அவர் கையில் எடுத்தார். இரண்டாம் உலகப் போரிலே பிரித்தானியருக்கு ஆள் சேர்க்கத் துணை நின்றார். அதனாற் காங்கிரசாரின் பகையையும் தேடிக்கொண்டார். அவர் செயல் ஒவ்வொன்றையும் நான் மெச்சவில்லை. யாரைக் காக்கிறோம் என்பதில் மட்டும் அவருக்கு ஐயம் இருந்ததில்லை.

1946ஆம் ஆண்டு இந்திய அரசியல் நிர்ணய சபை கூடியபோது ஜெய்பால் பீகாரிலிருந்து தெரிவாகி அதில் அமர்ந்தார். அவ்வாண்டு டிசம்பர் 19ஆம் நாள், நேரு முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானத்தின் மீது பேச எழுந்தார். அவையில் இருந்தோர் பெரும்பாலும் வழக்கறிஞர், நாட்டின் பெருந்தலைவர்கள். அவர்கள் முன்னே, தம் நாட்டிற் பிறர் தம்மவரை இழிவாகக் காட்டான் என்று அழைக்கும் அச்சொல்லையே எடுத்துத் தமக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டார். அப்பெயர் தமக்கு வெட்கம் தருவதன்று என்றார். சிந்துவெளி நாகரிகத்தின் காலம் தொட்டே தம் மக்கள் அம்மண்ணில் இருப்பவர் என்றும், பின் வந்தவரே அவர்களைக் காட்டுக்குத் துரத்தினர் என்றும் எடுத்துரைத்தார். பழங்குடிகளுக்கு மக்களாட்சியைப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை, பிறரே அதனை அவர்களிடம் கற்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் உயிர்நிலை. அச்சபையில் ஆண்கள் மிகுந்திருப்பதையும் பெண்கள் குறைந்திருப்பதையும் அன்றே குறை கூறினார்.

பின் வந்த மூன்றாண்டும் அவர் அச்சபையிற் பின்காவலராகவே ஆடினார் எனலாம். மதுவிலக்கை அரசின் நெறியாக்க முனைந்தபோது, அரிசியிலிருந்து காய்ச்சும் பானம் தம்மவரின் வழிபாட்டோடு பிணைந்தது என்றும், அஃதின்றிச் சந்தால் மக்கள் நாற்று நடமாட்டார் என்றும் தடுத்துப் பேசினார். சட்டத்திலே ஆதிவாசி என்ற சொல்லே இடம்பெற வேண்டும், வனசாதி என்ற பெயர் ஆகாது என்று வாதாடினார். முதற்குடி என்னும் உரிமை முதற் சொல்லிலே இருக்கிறது. காட்டிலுள்ளவன் என்னும் அடையாளம் மட்டுமே இரண்டாவதில் இருக்கிறது. ஆதிவாசி என்பதற்குச் சட்டத்தில் வரையறுத்த பொருள் இல்லை என்று காரணம் காட்டி, அட்டவணைப் பழங்குடி என்பதையே சபை ஏற்றது. இவ்விடத்தை மாணாக்கருக்குச் சொல்லும்போது என் குரல் சற்று உயர்ந்துவிட்டது. ஒரு சொல்லுக்காக ஒருவர் நாட்டின் பேரவையில் நின்று போராடினார் என்பதை, சொல்லையே தொழிலாகக் கொண்ட ஆசிரியன் எப்படி உயராக் குரலிற் சொல்வான்? சொல்லிலே தோற்றாலும் பொருளில் அவர் வெறுங்கையோடு மீளவில்லை. மக்களவையிலும் மாநிலச் சட்டசபைகளிலும் பழங்குடிகளுக்குத் தனியிடங்கள் ஒதுக்கப்பட்டமையில் அவர் வாதாட்டத்துக்கும் பங்கு உண்டு.

குடியரசு மலர்ந்தபின் மகாசபை ஜார்க்கண்ட் கட்சியாயிற்று. சேவற் சின்னத்திலே நின்று, 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் பீகார்ச் சட்டசபையில் 32 இடங்களை வென்று முதன்மை எதிர்க்கட்சியாக அமர்ந்தது. ஜெய்பால் அவ்வாண்டு முதல் இறக்கும்வரை மக்களவை உறுப்பினராயிருந்தார். ஆனால் 1955ஆம் ஆண்டில் மாநிலச் சீரமைப்பு ஆணைக்குழு தனி மாநிலக் கோரிக்கையை மறுத்துவிட்டது. மொழியால் மாநிலங்கள் பிரிந்த காலம் அது. பல மொழி பேசும் பழங்குடிகளை ஒன்றாக்கி ஒரு மாநிலம் தர அவர்கள் உடன்படவில்லை. அதன்பின் கட்சி தளர்ந்தது. 1962ஆம் ஆண்டில் 20 இடங்களே கிடைத்தன. மறு ஆண்டு, 1963இல், ஜெய்பால் தம் கட்சியைக் காங்கிரசோடு இணைத்துவிட்டார். உள்ளே சென்றால் மாநிலம் கிடைக்கும் என்று நம்பினார் என்பர். மாநிலம் கிடைக்கவில்லை. இணைய மறுத்தோர் பல கூறாகப் பிரிந்தனர். 1970ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் அவர் டில்லியிற் காலமானபோது, தாம் காத்த கோட்டை சிதைந்து கிடப்பதைக் கண்டவராகவே கண் மூடினார்.

இவ்வளவில் நான் நிறுத்தினேன். அந்த மாணவன் எழுந்தான். இறுதிப் போட்டிக்கு முன்னே அணியை விட்டுச் சென்றவர். கட்சி தளர்ந்த நேரத்தில் அதனைப் பகைவர் கையிலேயே கொடுத்தவர். இவரை நொச்சி மறவர் என்று எப்படிச் சொல்லலாம், மதிலை விட்டு இருமுறை இறங்கியவர் அல்லரோ என்று கேட்டான். வகுப்பு அமைதியாயிற்று. முப்பது ஆண்டு திணை இலக்கணம் கற்பித்த எனக்கு அக்கேள்விக்கு உடனே விடை வரவில்லை.

இரவு முழுவதும் எண்ணி, மறுநாள் நான் சொன்ன விடை இது. அவன் கேட்டது நியாயம். 1928இல் அவர் இறங்கியபோது மதில் விழவில்லை. அவர் இடத்தில் நிற்க வேறு வீரர் இருந்தனர். 1963இல் அவர் இறங்கியபோது நிற்க வேறு எவரும் இல்லை. ஆதலின் மதில் விழுந்தது. முதலாவதை ஒரு தனி மனிதனின் மனத்தாங்கல் என்று விட்டுவிடலாம். இரண்டாவது பிழை, அதன் விலையை அவர் மக்கள் கொடுத்தனர். தாம் இல்லாத நாளில் நிற்பதற்குக் காவலரை ஆயத்தம் செய்யாமை ஒரு காவலனின் பெருங்குறை. இதனை மறைத்து அவரைப் புகழ்ந்தால் அது வரலாறு ஆகாது.

ஆயினும் மற்றொன்றும் உண்மை. கோட்டை விழுந்தது, அவர் நிலைநாட்டிய எண்ணம் விழவில்லை. தாம் ஒரு மக்கள், தமக்கு ஒரு நாடு உண்டு, காட்டார் என்பது வசையன்று என்று அவர் கற்பித்ததை அம்மக்கள் மறக்கவில்லை. அடுத்த தலைமுறையினர் அதையே பற்றிப் போராடினர். இணைப்பு நிகழ்ந்து 37 ஆண்டுகளின் பின், 2000ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள், பிர்சா முண்டாவின் பிறந்த நாளிலே ஜார்க்கண்ட் மாநிலம் பிறந்தது. ராஞ்சியில் ஒரு விளையாட்டரங்கு ஜெய்பால் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் எழுதி வைத்த தன்வரலாறும் அவர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 2004இல் நூலாக வெளிவந்தது. மதிலிலே ஒருவன் கடைசிவரை நின்றானா என்பது ஒரு கேள்வி. அவன் நின்ற நாளில் எது உள்ளே புகாமற் போயிற்று என்பது மற்றொரு கேள்வி. ஜெய்பால் நின்ற நாள்களில், தம்மவர் நெஞ்சுக்குள் வெட்கம் புகாமற் காத்தார். அதற்காகவே அவருக்கு நான் நொச்சிப் பூவைச் சூட்டுகிறேன்.

மாணவன் முழுதும் ஏற்றுக்கொண்டான் என்று நான் சொல்ல மாட்டேன். ஏற்காமல் இருப்பதும் நல்லதே. வினா எழுப்பும் மாணவன் ஆசிரியனுக்கு வரம். அவன் கேட்டதன் பயனாகவே, அதற்குமுன் புகழ்ச்சியாக மட்டும் நான் சொல்லிவந்த ஒரு வரலாறு நேரானது.

வன்னிப் பிள்ளைகளை இன்னும் எவரேனும் காட்டார் என்று நகைக்கக் கூடும். முல்லையும் குறிஞ்சியும் காடும் மலையுமே; அவற்றை முதலில் வைத்துத்தான் நம் இலக்கணம் நிலத்தை வகுக்கத் தொடங்கியது. மரங்களை வெட்டிக் குளம் கட்டி நெல் விளைத்தவர் எம் முன்னோர். போர்க்காலத்தில் எல்லாம் இழந்து, 2009ஆம் ஆண்டுக்குப் பின் மீண்டு வந்து, கூரையற்ற வகுப்பறைகளிலே மறுபடியும் ஏடு திறந்தவர் எம் பிள்ளைகள். அவர்கள் தலை குனிய ஒரு காரணமும் இல்லை.

இவ்வாண்டுப் போட்டிக்கு அவ்வணி புறப்பட்டபோது நானும் உடன் சென்றேன். அம்மாணவன் பின்னே தன் இடத்தில் நின்றான். ஆட்டம் கோலின்றிச் சமமாக முடிந்தது. வெற்றிக் கூச்சல் எதுவும் எழவில்லை. திரும்பும் வழியிலே அவன் என் அருகில் வந்து அமர்ந்து, எதிரணியின் கணக்கிலே இம்முறை சுழியம் என்று மட்டும் சொன்னான்.